டீட்டா கடையின் டிவி (டாவாவ் நாட்குறிப்பு)

அக்டோபர் 16, 2022, ஞாயிறு

கீழ் வீட்டு டீட்டாவின், அதாவது அத்தையின், பெட்டிக்கடைக்கு ஷாம்பு பாக்கெட் வாங்கப் போனேன், சாரி-சாரி என்பார்கள் இங்கே பிலிப்பைன்ஸில். இருபது பேசோ கொடுத்துவிட்டு மீதிக்கு நின்றால் நின்றுகொண்டே இருக்கிறேன். கம்பிக்குப் பின்னால் சின்ன டிவியில் கொரியத் தொடர், மழையில் நாயகன் குடையை நாயகி பக்கம் சாய்க்கிறான், டீட்டாவின் கை சில்லறை டப்பாவுக்குள் அப்படியே நின்றுவிட்டது. அடுத்த நொடி மருமகளின் தோளில் பளாரென்று ஓர் அடி! சந்தோஷம் தாங்காமல் விழுகிற அடி. இந்தப் படபடப்புக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் கிலிக்.

அக்டோபர் 17

மழை, கடையில் கூட்டம் இல்லை, டீட்டா 2003-க்குப் போய்விட்டார். அந்த வருடம் முதலில் வந்தது தைவான் தொடரான மீட்டியார் கார்டன், ஊரே அதன் பின்னால் போனது. அப்புறம் ஜிஎம்ஏ சேனலில் எண்ட்லெஸ் லவ் என்ற கொரியத் தொடர், ஆஸ்பத்திரியில் குழந்தை மாறிப்போய், வளர்ந்தபின் ரத்தப் புற்றுநோயில் செத்துப்போகிற பெண்ணின் கதை. டீட்டாவின் கணவர் அப்போது சவுதியில் இருந்தார். தெருப் பெண்கள் எல்லாரும் இவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார்களாம்.

“உன்-சோ தானே அந்தப் பெண்?” என்று கொரியப் பெயரைச் சொன்னேன். “அது யாரு? அவள் பேர் ஜென்னி, அவன் ஜானி” என்றார். டகலாக் மொழி டப்பிங்கில் நாயகிக்கும் நாயகனுக்கும் வைத்த பெயர்கள் அவை. வீட்டில் பேசுவது பிசாயா மொழி, டிவி பேசுவது டகலாக், நடிப்பது கொரியர்கள், ஆனால் டீட்டாவுக்கு ஜென்னி பக்கத்துத் தெருப் பெண். இந்தத் தொடர்கள் இங்கே வேர்விட்டதற்குப் பெரிய காரணம் அந்த டப்பிங் குரல்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தக் குரல்காரர்களைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை, எனக்கு அது வருத்தம்.

அக்டோபர் 19

செனட்டர் ஜிங்கோய் எஸ்ட்ராடா, அவரும் நடிகர்தான், நேற்று பட்ஜெட் விசாரணையில் வெளிநாட்டுத் தொடர்களைத் தடை செய்யலாமா என்று யோசிப்பதாகச் சொல்லிவிட்டார். கடை முன்னால் காலையிலிருந்து இதே பேச்சு. உள்ளூர்க் கலைஞர்களுக்கு வேலை இல்லையே என்ற ஆதங்கத்தில் சொன்னதாக அப்புறம் விளக்கம் வந்தது. அந்த ஆதங்கம் நியாயம். 2020-ல் ஏபிஎஸ்-சிபிஎன் டிவி நிறுவனத்தின் ஒளிபரப்பு உரிமம் போய் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள், அந்த அடி இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்த அடியைக் கொடுத்தது கொரியத் தொடரா? எண்ட்லெஸ் லவ்வையே 2010-ல் இங்கத்திய நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தார்கள், டிசென்டன்ட்ஸ் ஆஃப் தி சன் என்ற இன்னொரு கொரியத் தொடரை 2020-ல். டப்பிங் பேசுகிறவர்களும் இந்த ஊர்க்காரர்கள். தடை போட்டால் முதலில் இவர்கள் சோற்றில்தான் மண் விழும்.

அக்டோபர் 22

டீட்டாவின் மகள் துபாயில். போனில் இருவருக்கும் பாதிப் பேச்சு தொடர்தான், அவள் அங்கே நெட்ஃபிளிக்ஸில் சப்டைட்டிலோடு பார்க்கிறாள், இவருக்கு எழுத்து ஓடுவது கண்ணுக்குப் பிடிபடவில்லை, அதனால் கதையை அவள் சொல்லச் சொல்ல இவர் கேட்கிறார்.

“உங்க ஊரிலும் வருமா, இன்டாய்?” என்றார், பெண்ணே என்று செல்லமாகக் கூப்பிடுவது அது. பள்ளிக்கூட நாட்களில் புதுயுகம் டிவியில் பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ் என்ற கொரியத் தொடரைத் தமிழில் பார்த்ததைச் சொன்னேன். அதன் நாயகன் கூ ஜுன் பியோ தமிழ் பேசுவானா, பேசிக் காட்டு என்று பிடித்துக்கொண்டார். ஞாபகத்தில் இருந்த மட்டும் விறைப்பாக நின்று ஒரு வசனம் விட்டேன். ஒரு வார்த்தை புரிந்திருக்காது.

தோளில் பளாரென்று விழுந்தது.