ஆட்டோகிளேவ் ரிஜிஸ்டரைச் சரிபார்க்கப் போய் இரண்டு பயணம் வீண்: ஒரு மருத்துவமனை ஆய்வின் அனுபவம்

மூன்றாவது முறை போய் வந்த பிறகுதான் அந்த ஆய்வறிக்கை நிலைத்தது. முதல் இரண்டு பயணங்கள் வீணானதற்கு மருத்துவமனை மட்டும் காரணமல்ல, குழு வேலை செய்த முறையிலும் ஓட்டை இருந்தது. ஜே.டி. (மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர்) அலுவலக ஆய்வுக் குழுக்களில் புதிதாகச் சேர்கிறவர்கள் அதே இடத்தில் இடறக் கூடாது.

புகார் இதுதான்: 30 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனை. அடுத்தடுத்து சிசேரியன் ஆன மூன்று பெண்களுக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ். பதிவுச் சான்றிதழ், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, கழிவு ஒப்பந்தம் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. அரை மணி நேரத்தில் பார்த்து முடித்தாயிற்று.

முதல் பயணம் கெட்டது ஒரு போன் காலில். வழி தெரியாமல் வரவேற்பறைக்கே போன் செய்து கேட்டிருக்கிறார் ஓட்டுநர். போய்ச் சேர்ந்தபோது மணி 11. ஆபரேஷன் தியேட்டர் பூட்டு. சாவி டாக்டரிடம், டாக்டர் வெளியூரில். இரவுப் பணி சிஸ்டர் வீட்டுக்குப் போய்விட்டார். இப்படிப்பட்ட ஆய்வுக்குக் காலை ஏழரை மணிக்கு, ஷிஃப்ட் மாறும்போது போக வேண்டும். இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் இருப்பார்கள், இரவில் போட்ட டிரம்மும் (அறுவை சிகிச்சைத் துணிகளை வைக்கும் உலோக டப்பா) பெரும்பாலும் ஆட்டோகிளேவுக்குள்ளேயே (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) இருக்கும்.

இரண்டாவது முறை அப்படித்தான் போனோம். பலன் உடனே தெரிந்தது. டிரம்மின் பக்கவாட்டுத் துளைகள் மூடியபடியே உள்ளே இருந்தன. சுற்றின்போது அவை திறந்திருக்க வேண்டும், வெளியே எடுத்ததும் மூட வேண்டும். மூடியே வைத்தால் துணிக்குள் நீராவி புகாது. வெளியே ஒட்டிய டேப்பில் மட்டும் கோடு கறுத்திருக்கும். அந்தக் கோடு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பொட்டலம் சூட்டுக்குள் போய் வந்தது. கிருமி செத்ததா என்று அது சொல்லாது. பொட்டலத்தைப் பிரித்து நடுவில் இண்டிகேட்டர் ஸ்ட்ரிப் (நீராவி உள்வரை போனதா என்று நிறம் மாறிக் காட்டும் பட்டை) இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லை. "ஸ்ட்ரிப் போடுறீங்களா?" என்று கேட்டால் எல்லா இடத்திலும் "போடுறோம் சார்" என்றுதான் பதில் வரும். "கடைசியாப் போட்ட ஸ்ட்ரிப்பைக் காட்டுங்க சிஸ்டர்" என்று கேட்க வேண்டும். பிரஷர் கேஜையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. உள்ளே காற்று தங்கிவிட்டால் முள் 15 பவுண்டைக் காட்டும், வெப்பம் மட்டும் 121 டிகிரியைத் தொடாது.

ஆட்டோகிளேவின் ஒவ்வொரு சுற்றையும் எழுதி வைக்கும் ரிஜிஸ்டரில் எல்லா நாளும் 121 டிகிரி, 15 பவுண்டு, 30 நிமிடம். ஒரே பேனா, ஒரே கையெழுத்து. சந்தேகம் வரும். ஆனால் அழகாக எழுதியிருக்கிறார்கள் என்பதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த ரிஜிஸ்டரை எழுதியவர் கை படாத இன்னொரு ஆவணத்தோடு அதை ஒப்பிட வேண்டும். மின்வாரிய ஷட்டவுன் நாளை எடுத்துக்கொண்டோம். அன்று காலை 9 முதல் மதியம் 2 வரை அந்தப் பகுதியில் கரண்ட் இல்லை. ரிஜிஸ்டரில் 10.15க்கு ஒரு சுற்று, 11.30க்கு இன்னொன்று. எலெக்ட்ரீஷியனைக் கேட்டதும் யோசிக்காமல் சொன்னார்: "ஆட்டோகிளேவ் ஈ.பி. லைன்ல மட்டும்தான் சார். ஜெனரேட்டர் அதை இழுக்காது."

இவ்வளவு கிடைத்தும் அறிக்கை திரும்பி வந்தது. ஜெராக்ஸ் பக்கங்களில் மருத்துவமனையின் சான்றொப்பம் இல்லை. ரிஜிஸ்டரில் மொத்தம் எத்தனை பக்கம், எந்தப் பக்கத்தைப் பார்த்தோம் என்று மகஜரில் (ஆய்வு இடத்திலேயே சாட்சிகளோடு எழுதும் பதிவு) எழுதவில்லை. எலெக்ட்ரீஷியன் சொன்னது வெறும் வாய்வார்த்தை. கோபம் வந்தது உண்மை. ஆனாலும் திருப்பி அனுப்பியவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் நியாயம்.

எலெக்ட்ரீஷியனிடம் எழுதி வாங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று முடிவெடுத்தோம். எழுதிக் கொடுத்தால் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது. நல்லது சொன்ன ஊழியரின் பிழைப்பைப் பணயம் வைத்து அறிக்கை எழுதக் கூடாது. அவர் சொன்னதை வேறு வழியில் நிரூபிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும், பெரும்பாலும் முடியும்.

மூன்றாவது பயணத்தில் மேஜைக்கு வந்தது புது ரிஜிஸ்டர். தேதிகள் அதேதான். ஷட்டவுன் நாளின் இரண்டு சுற்றுகள் மட்டும் மாலைக்கு நகர்ந்திருந்தன. அந்த இடத்தில் கைகொடுத்தது, இரண்டாவது முறை செய்த ஒரு சின்ன வேலை: கடைசிப் பதிவுக்குக் கீழே கோடு போட்டு, தேதியோடு கையெழுத்திட்டு, அட்டை முதல் அந்தப் பக்கம் வரை வரிசையாகப் படம் எடுத்து வைத்திருந்தோம். புது ரிஜிஸ்டரில் அந்தக் கையெழுத்து இல்லை. ஒரே நாளுக்கு இரண்டு விதமான பதிவு என்பதற்கு மேல் வேறு சான்று தேவைப்படவில்லை. இதை எந்த ஆய்விலும் விடாதீர்கள், இரண்டு நிமிட வேலை.

அடுத்து, தியேட்டரில் கேஸ் இல்லை, எந்த நோயாளியும் மின்சாரத்தில் ஓடும் கருவியில் இல்லை என்று டியூட்டி டாக்டரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு, மெயினை அணைத்து ஜெனரேட்டரை ஓட்டச் சொன்னோம். வராந்தா விளக்கு எரிந்தது. ஆட்டோகிளேவின் சிவப்பு விளக்கு எரியவில்லை. நேரத்தோடு மகஜரில் ஏறியது, நிர்வாகியும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டார்கள். எலெக்ட்ரீஷியன் பெயர் எங்கும் வரவில்லை. ஷட்டவுன் நேரத்துக்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலிருந்து கடிதம் வாங்கி இணைத்தோம். செய்தித்தாள் துணுக்கை வைத்தால் மறுபடி கேள்வி வரும். ஜெனரேட்டர் லாக்புக்கில் பக்கத்துக்குப் பக்கம் சான்றொப்பம் வாங்கினோம்.

இந்த முறை அறிக்கை திரும்பவில்லை. தியேட்டர் நிறுத்தப்பட்டது. ஆட்டோகிளேவைப் பழுது பார்த்து, அடுத்தடுத்து மூன்று சுற்றில் ஸ்போர் டெஸ்ட் (எளிதில் சாகாத கிருமி வித்துகளும் செத்தனவா என்று பார்க்கும் சோதனை) நெகட்டிவ் வந்த பிறகே அங்கே மீண்டும் அறுவை சிகிச்சை தொடங்கியது.