தமிழ்ப் புத்தகம் அச்சுக்குப் போகும் முன்: கறுப்பு, கொம்பு, முதுகு

டெம்மி 1/8 அளவு (வெட்டிய பின் 5.5×8.5 அங்குலம்), உள்ளே ஒற்றை நிறம், வெளியே நான்கு வண்ண அட்டை, முதுகில் பசை ஒட்டிக் கட்டும் பர்ஃபெக்ட் பைண்டிங். தமிழில் வரும் நாவல்களிலும் கட்டுரைத் தொகுப்புகளிலும் பெரும்பாலானவை இந்த அமைப்பில்தான் வருகின்றன. எளிய வேலை போலத் தெரியும். ஆனால் ஆஃப்செட் அச்சில் பிளேட் (அச்சுத் தகடு) போட்ட பிறகு தெரியவரும் தவறு ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்தாக வேண்டும். அவற்றில் அநேகமாக எல்லாவற்றையும் கோப்பிலேயே பிடித்துவிடலாம்.

முதலில் கறுப்பு. திரையில் பார்த்தால் எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்புதான். திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் உள்ள கறுப்பை அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறமுறைக்கு மாற்றினால் அது நான்கு மைகளாகப் பிரியும். ஃபோட்டோஷாப்பில் வழக்கமாக இருக்கும் அமெரிக்க ஸ்வாப் புரொஃபைலில் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று வரும். ஒற்றை நிற வேலையில் கறுப்பு பிளேட் மட்டும்தான் ஓடும், ஆகவே உங்கள் எழுத்து 90 சதவீதத்தில் அச்சாகும். 10 சதவீதம்தானே குறைகிறது என்று விட முடியாது. 100 சதவீதம் என்றால் எழுத்து முழு மையோடு, கூர்மையான விளிம்போடு பதியும். 90 என்று வந்துவிட்டால் பிளேட் எடுக்கும் மென்பொருள் அதைப் புள்ளிகளாக உடைத்துவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ‘ண’வின் சுழிகளில் விளிம்பு ரம்பப் பல் போல இருக்கும், மெய்யெழுத்தின் புள்ளி வட்டமிழந்து கிடக்கும். வெறும் கண்ணுக்கு இது ‘மை குறைவு’ என்றுதான் படும். பழி மெஷின்காரர் மேல் போகும்.

அட்டையில் இதே தவறு வேறு மாதிரி வெளிப்படும். பின்னட்டைக் குறிப்பு நான்கு மைகளில் இருந்தால், தாள் 0.1 மி.மீ. நகர்ந்தாலே எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்போ நீலமோ நிழல் தட்டும். ஆகவே சிறிய எழுத்து எப்போதும் கறுப்பு 100 மட்டும். பெரிய பரப்பை ஆழ்ந்த கறுப்பாக நிரப்ப வேண்டுமென்றால் அங்கே மட்டும் 60, 40, 40, 100 என்று கலக்கலாம். மொத்தம் 240 வரும், பூச்சுள்ள அட்டைத் தாளான ஆர்ட் போர்டு அதைத் தாங்கும். ஸ்வாட்ச் பட்டியலில் ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்று ஒரு கறுப்பு இருக்கிறது. அது வெட்டுக் குறிகளுக்கானது. அதை எழுத்துக்குக் கொடுத்தால் நான்கு பிளேட்டிலும் 100 ஏறும், மை காயாமல் அடுத்த தாளின் பின்பக்கத்தில் ஒட்டும்.

சோதிக்க அரை நிமிடம் போதும். அக்ரோபேட் புரோவில் அவுட்புட் பிரிவியூவைத் திறந்து, கறுப்புக்கு நேரே இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். உள்பக்கம் வெற்றுத் தாளாகிவிட வேண்டும். எழுத்தின் சாயல் எங்காவது மிஞ்சினால் அங்கே வேறு மை கலந்திருக்கிறது. பிறகு டிக்கைத் திரும்பப் போட்டு, ஓர் எழுத்தின் மேல் சுட்டியை வைத்துக் கறுப்பு 100 என்று காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது கொம்பு. யூனிகோடில் ‘கெ’ என்பது க முதலிலும் கொம்பு பின்னாலுமாகச் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் நிறுத்துவதும், ‘கொ’வில் கொம்பையும் காலையும் இரண்டு பக்கமும் பிரித்துப் போடுவதும் மென்பொருளின் வேலை. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், வரிகளை அமைக்கும் கருவியாகச் சாதாரண பாராகிராஃப் கம்போசர் இருந்தால் இது நடக்காது. பாராகிராஃப் பேனல் மெனுவில் ‘வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்று மாற்ற வேண்டும். அதைப் பத்தி பத்தியாக மாற்றுவதைவிட, பாராகிராஃப் ஸ்டைலுக்குள் ஒருமுறை வைத்துவிடுவதுதான் பாதுகாப்பு. உடல் எழுத்தை எல்லாரும் கவனிப்பார்கள். தப்பிப்பது எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான மாஸ்டர் (புதிய பதிப்புகளில் ‘பேரன்ட்’) பக்கத்தில் உள்ள அத்தியாயத் தலைப்பும், படக் குறிப்பும், அடிக்குறிப்பும்தான். அவற்றுக்கு வேறு ஸ்டைல் என்பதால் கொம்பு தனியாக, புள்ளி வட்டத்தோடு நிற்கும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பிரதி வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் வடிவம். அரைப்புள்ளி விசைதான் மெய்யின் புள்ளி, காற்புள்ளி விசைதான் ‘இ’. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் வசதி வேர்டில் இயங்கிக்கொண்டிருந்தால் ‘ம’ என்று அடித்தது ‘மு’ ஆகும், ‘த’ என்பது ‘து’ ஆகும். அந்தப் பிழை அப்படியே யூனிகோடுக்கும் வரும்.

மாற்றிய பிறகு கட்டாயம் தேட வேண்டிய ஒன்று ஔகாரம். பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ‘ள’வுக்கும் ஒரே விசை. அதனால் ‘மௌனம்’ மாறி வரும்போது ‘மெ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாகிவிடுகிறது. அச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிவதால் பிழை திருத்துபவர் கண்ணிலும் படாது. ஆனால் மின்னூலில் தேடினால் அந்தச் சொல் கிடைக்காது. மொத்தமாக ‘ரீப்ளேஸ் ஆல்’ கொடுக்க வேண்டாம்: தெளிவு, வெள்ளி, வெளிச்சம் எல்லாம் சேர்ந்து கெட்டுவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

வரி முறிவைப் பற்றி வடிவமைப்பாளர்கள் அதிகம் பேசுவதில்லை, ஆனால் பக்கத்தின் அழகு அங்கேதான் இருக்கிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சொல்லை உடைக்காமல் இரு பக்கமும் சமன் செய்தால், ‘செய்யப்பட்டிருந்தபோதிலும்’ மாதிரி ஒரு சொல் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டு, மேல் வரியில் இரண்டு சொற்களுக்கு நடுவே விரல் நுழையும் அளவு ஓட்டை விழும். மொழியைத் தமிழ் என்று குறித்து ஹைபனேஷனை இயக்குங்கள். அது உடைத்த இடங்களைக் கண்ணாலும் பாருங்கள். வரி மெய்யெழுத்தில் தொடங்கக் கூடாது, ஓர் எழுத்து மட்டும் தனித்து அடுத்த வரிக்குப் போகக் கூடாது. ஈயக் காலத்து அச்சுக் கோப்பவர்கள் பழகிவைத்த இந்த முறை இன்றும் சரியானதுதான். எழுத்து 11 பாயின்ட் என்றால் வரி இடைவெளி 15 அல்லது 16 கொடுக்கலாம். 13 கொடுத்தால் மேல் வரியின் ‘மூ’ கீழ் வரியின் ‘கீ’யை உரசும்.

பக்க எண்ணிக்கைக்கு வருவோம். 18×23 அங்குலத் தாளை மூன்று முறை மடித்தால் 16 பக்கம். அதுதான் ஒரு ஃபாரம். மடித்த நிலையில் பக்கம் 5.75×9 அங்குலம், வெட்டிய பின் 5.5×8.5. ஆகவே 192 அல்லது 208 பக்கத்தில் முடிப்பது சிக்கனம். 200 என்றால் பன்னிரண்டரை ஃபாரம், அதையும் ஓட்டலாம். 203 பக்கத்தில் முடிந்தால் மீதி வெற்றுப் பக்கங்களையும் நீங்களே கோப்பில் வைத்து அனுப்புங்கள். இல்லையென்றால் அவை எங்கே போய் விழும் என்பது உங்கள் கையில் இராது. பிடிஎஃப் ஒற்றைப் பக்கங்களாகவே இருக்கட்டும். எதிரெதிர்ப் பக்கங்களைச் சேர்த்து அனுப்பினால் அச்சகத்தில் ஃபாரம் அடுக்க முடியாது. பசை ஒட்டும் முன் முதுகைச் சுமார் 3 மி.மீ. சீவிவிடுவார்கள் என்பதால், உள் ஓரத்துக்கு 20 மி.மீ. விட்டால்தான் நடுவில் எழுத்து புதையாது.

அட்டைக்கு முதுகின் அகலம் தேவை. உள்பக்கங்களுக்கான பூச்சில்லாத தாளான மேப்லித்தோ, 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) என்றால் ஒரு தாள் ஏறக்குறைய 0.09 மி.மீ. 208 பக்கம் என்பது 104 தாள், அதாவது 9.4 மி.மீ. 300 ஜிஎஸ்எம் அட்டையின் இரு பக்கத் தடிமனையும் சேர்த்தால் 10 மி.மீ. ஆக அட்டைக் கோப்பின் அளவு: 140 + 10 + 140, அதோடு இரு ஓரமும் வெட்டுக்கு வெளியே 3 மி.மீ. பிளீட், மொத்தம் 296 மி.மீ. அகலம். உயரம் 216 + 6, அதாவது 222 மி.மீ. தாளின் தடிமன் ஆலைக்கு ஆலை மாறும். அச்சகம் வாங்கப்போகும் தாளிலேயே ஒரு வெற்று டம்மி கட்டித் தரச் சொல்லி அளந்துகொள்வது நல்லது. 10 மி.மீ. முதுகில் எழுத்து 6 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம். முதுகுக்கு மட்டும் தனி நிறம் கொடுத்து ஓரத்தில் கோடு போட்டாற்போல் முடிப்பதையும் தவிர்க்கலாம், ஏனென்றால் ஒரு மி.மீ. தள்ளினாலே அது முன்னட்டையில் பட்டையாக எட்டிப்பார்க்கும். பின்னணி நிறத்தை மூன்று பகுதிக்கும் ஒன்றாக ஓடவிடுங்கள்.

படங்களுக்கு அச்சாகும் அளவில் 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) வேண்டும். வாட்ஸ்ஆப்பில் சாதாரணத் தரத்தில் வந்த படம் நீள வாக்கில் சுமார் 1600 பிக்சல்தான் இருக்கும். 300ஆல் வகுத்தால் 5.3 அங்குலம், அதாவது 13.5 செ.மீ. முழுப் பக்கத்துக்கு அது போதாது. ஃபோட்டோஷாப்பில் எண்ணை மட்டும் ஏற்றினால் தெளிவு வராது. மூலப் படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மேப்லித்தோ மையை உறிஞ்சுகிற தாள், 50 சதவீதப் புள்ளி 70ஐ ஒட்டி விரியும். எனவே உள்பக்கப் புகைப்படங்களைக் கிரேஸ்கேலாக மாற்றி, நடுச் சாயலைத் திரையில் கொஞ்சம் வெளுத்துத் தெரியும் அளவுக்குத் தூக்கிவிட வேண்டும். கோட்டோவியமும் கையெழுத்தும் வேறு வகை. அவற்றை 1200 பிபிஐயில், வெறும் கறுப்பு-வெள்ளை பிட்மேப்பாக ஸ்கேன் செய்தால்தான் கோடு உடையாமல் இருக்கும்.

அட்டையில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. வெள்ளை எழுத்துக்குத் தவறுதலாக ஓவர்பிரின்ட் (பின்னணியைக் குடையாமல் அதன் மேலேயே அச்சிடுவது) இயங்கியிருந்தால் அது அச்சில் மறைந்துபோகும். வெள்ளைக்கு மை கிடையாது, பின்னணியில் எழுத்தின் வடிவத்தைக் குடைந்தால்தான் தெரியும். கறுப்பாக இருந்த எழுத்தைப் பிறகு வெள்ளையாக்கும்போது இது நேர்கிறது. ஓவர்பிரின்ட் பிரிவியூவில் பார்த்தால் பிடிபடும். மற்றது ஐஎஸ்பிஎன் பார்கோடு. முழு அளவு 37.29×25.93 மி.மீ., 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு 100 மட்டும். அட்டையின் நிறத்துக்கு ஒத்துப்போகட்டும் என்று சிவப்புக் கோடுகளில் போட்டால், ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்கு அது வெற்றிடமாகத்தான் தெரியும்.

அனுப்பும்போது உள்பக்கங்களை எழுத்துருக்கள் உட்பொதிந்த பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ (அச்சுக்கான பிடிஎஃப் வகை) ஆக அனுப்பலாம். அட்டையில் எழுத்துகளை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றிவிடுவதே மேல். பல அச்சகங்களில் பிடிஎஃப்பைக் கோரல்டிராவில் திறந்து ஃபாரம் அடுக்குகிறார்கள். அவுட்லைனாக மாற்றாத தமிழ் எழுத்தை அங்கே திறந்தவுடன் கொம்பும் காலும் இடம் மாறலாம். அதனால் ஃபாரம் அடுக்கிய பிறகு, பிளேட்டுக்குப் போகும் அந்தக் கோப்பின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் எல்லாப் பக்கமும் படிக்க வேண்டியதில்லை. பக்க எண் வரிசை, முதல் பக்கம் வலது கையில் விழுகிறதா, ஃபாரத்துக்கு ஒரு பக்கமாவது ‘கொ’, ‘பௌ’, ‘ணை’ மூன்றும் உடையாமல் நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுக்கலாம்.