டொம்லூரின் பழைய பெயரைத் தேடி: கெசட்டியரிலிருந்து கல்வெட்டுக்கு

பெங்களூரில் பல காலமாகக் குடியிருக்கும் தமிழர்களிடையே, நகரின் ஒரு பகுதியான டொம்லூருக்கு அப்பெயர் எங்கிருந்து வந்தது என்பது பற்றி ஆளுக்கொரு கதை வழங்குகிறது. அக்கதைகளை ஒதுக்கிவிட்டு, அச்சில் உள்ள சான்றுகளை மட்டும் பின்தொடர்ந்து பெயரைக் காலத்தில் எவ்வளவு தூரம் பின்னோக்கிக் கொண்டு செல்ல முடியும் என்று பார்க்க விரும்பினேன். இதே வேலையில் இறங்குவோருக்குப் பயன்படும் என்பதால் அந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எடுத்தது, லூயிஸ் ரைஸ் திருத்தி 1897-இல் வெளியிட்ட மைசூர் கெசட்டியர், அதாவது மைசூர் நாட்டைப் பற்றிய அரசு விவரத் தொகுப்பு நூல். தாலுக்காக்களுக்கும் பெயர் பெற்ற ஊர்களுக்கும் இடம் தரும் அத்தகைய நூலில் நகரத்தை ஒட்டிய ஒரு சிற்றூருக்குத் தனித் தலைப்பை எதிர்பார்க்க இயலாது. ஆனால் அதன் வரலாற்றுப் பகுதியை விட்டுவிடக் கூடாது. பெங்களூரை நிறுவிய கெம்பே கௌடரின் மரபினரை யலஹங்க நாட்டுப் பிரபுக்கள் என்று அது குறிப்பிடுகிறது. நாடு என்பது இங்கே பல ஊர்கள் அடங்கிய பழைய ஆட்சிப் பிரிவு. ஊரின் பெயர் கிடைக்காத இடத்தில் அந்த ஊர் அடங்கியிருந்த நாட்டின் பெயர் கிடைத்தது. அடுத்த கட்டத்துக்கு அதுவே பிடிமானம் ஆயிற்று.

அங்கிருந்து, அதே ரைஸ் 1905-இல் வெளியிட்ட, எபிகிராஃபியா கர்நாடிகா என்னும் கல்வெட்டுத் தொகுப்பின் ஒன்பதாம் தொகுதிக்குச் சென்றேன். பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகள் அதில் தாலுக்கா வாரியாக எண்ணிடப்பட்டுள்ளன. டொம்லூர் சொக்கநாத சுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளில் ஊர் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வருகிறது. நாட்டின் பெயரோ இலைப்பாக்க நாடு. கன்னட வழக்கில் யலஹங்கா என்று நிலைத்தது தமிழ்க் கல்வெட்டில் இப்படித்தான் எழுதப்பட்டது என்று தெரிந்த பிறகு, கெசட்டியரின் நாடும் கல்லின் நாடும் ஒன்றாகிவிடுகின்றன. சொக்கநாதர் என்றதும் நமக்கு மதுரை நினைவுக்கு வரும். இங்கே குடிகொண்டிருப்பவர் பெருமாள். ஊர்ப் பெயர் எழுத்துக்கு எழுத்து மாறினாலும் இறைவன் பெயர் அவ்வளவாக மாறுவதில்லை என்பதால், சொக்கப்பெருமாள் என்று தேடுவது ஊரைத் தேடுவதைவிடப் பலன் தரும்.

எழுத்து வேறுபாடுகளை எடைபோடுவதில்தான் மிகுந்த கவனம் தேவைப்பட்டது. தமிழ் எழுத்தில் த, ட இரண்டும் அழுத்தமான ஒலிக்கும் (ta, ṭa) அதிர்வொலிக்கும் (da, ḍa) பொதுவானவை. பழைய கல்வெட்டுகளில் ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. ஆகவே ஆங்கில எழுத்துப்பெயர்ப்பில் காணும் குறிலும் நெடிலும் பதிப்பாசிரியரின் முடிவுகளே அன்றி, கல் சொல்வன அல்ல. உண்மையில் நிகழ்ந்த மாற்றமாக நான் கொள்வது ‘ம்ப’ என்பது ‘ம்ம’ ஆனதை மட்டுமே. தொம்பலூர், தொம்மலூர், டொம்லூர் என்ற வரிசை அதனால் இயல்பாக அமைகிறது. பட்டணம் என்ற பெயர் வணிகர் குடியிருப்பைச் சுட்டுகிறது என்று கருதுகிறேன். ஆனால் அதை ஊர்ப் பெயரின் தோற்றத்தோடு முடிச்சுப் போட மாட்டேன்.

காலத்தை முடிவு செய்ய, கல்வெட்டில் வரும் சக ஆண்டோடு 78-ஐக் கூட்டி ஆங்கில ஆண்டாக மாற்ற வேண்டும். அதனுடன் மன்னர் பெயர் பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே குறிப்பிடப்படும் போசள (ஹொய்சள) வீர இராமநாதன், திருவரங்கத்துக்கு அருகிலுள்ள கண்ணனூரிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட போசள மன்னன். பெங்களூர்ப் பகுதியில் தமிழ்க் கல்வெட்டு எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு செய்தியே பெரிய விளக்கம். அதே கோயிலில் விஜயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலத்துக் கன்னடக் கல்வெட்டும் இருப்பதால், ஊரை ஒரே மொழிக்கு உரிமையாக்க யார் முயன்றாலும் அந்தக் கற்கள் இடம் கொடுக்கவில்லை.

மின்வருடிய பழைய நூல்களில் தேடும்போது ஒரு சொல்லை மட்டும் நம்பக் கூடாது. மேற்கோடும் கீழ்ப்புள்ளியும் இட்ட எழுத்துகளைக் கணினி தவறாகப் படிப்பதால், பெயரின் நடுப்பகுதியை மட்டும் தட்டச்சு செய்து தேடிய பின், தொகுதியின் இறுதியிலுள்ள பெயர்ப் பட்டியலைக் கண்ணால் படித்துச் சரிபார்ப்பதே பாதுகாப்பானது.