அமத்து, ரெண்டு, மூண்டு

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. திருகோணமலையில் ஆடி மாதம் இருந்தவர்களுக்குத் தெரியும், மத்தியானம் வெளியே தலைகாட்ட ஏலாது. பஸ் நிலையத்தடியில் திரியும் மான்கள்கூட நிழலை விட்டு அசையாது. இந்தச் சூட்டிலும் காற்றாடியை நிறுத்தி வைக்கிற ஓர் அறை இருக்கிறது, எங்கள் பிரசவ அறை.

"மிஸ், ஃபேனைக் கொஞ்சம் போடுங்கோ, செத்திடுவன்" என்று போன கிழமை ஒரு பிள்ளை கெஞ்சினா. முதல் பிரசவம். தலை தெரியத் தொடங்கிவிட்டது. "இன்னும் கொஞ்ச நேரம்தானம்மா, பிள்ளையைத் துடைச்சு உங்கட நெஞ்சில போட்டு மூடினதும் பாப்பம்" என்றேன். அந்த நேரம் அவ என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

பிள்ளை 37 பாகைச் சூட்டுக்குள் இருந்து ஈரத்தோடு வெளியே வருகிறது. ஈரம் ஆவியாகிற வேகத்தில் அதன் சூடு இறங்கிவிடும், அதற்கு மேல் காற்றாடியும் சுழன்றால் கேட்கவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பிரசவ அறை 25 முதல் 28 பாகை வரை இருக்கச் சொல்கிறது. எங்களுக்கு வேர்க்கிற சூடுதான் பிள்ளைக்கு அளவு.

நான் தாதியாக வேலைக்குச் சேர்ந்தது 2003இல். அப்போது காற்றாடி முழு வேகத்தில் ஓடும். பிள்ளை அழவில்லையென்றால் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவோம், உள்ளங்காலில் தட்டுவோம், தொண்டைக்குள் குழாயை விட்டு உறிஞ்சுவோம், மூக்கடியில் ஒட்சிசன் பிடிப்போம். எல்லாம் நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி, டொக்டருக்கு டொக்டர் முறை மாறும். இடமாற்றம் கிடைத்துப் புது இடத்துக்குப் போனால் முதல் நாள் கேட்கிற கேள்வியே "இங்க எப்பிடிச் செய்யிறனீங்கள்?" என்பதுதான்.

அதை மாற்றியதில் பெரிய பங்கு இலங்கை குழந்தை மருத்துவ நிபுணர்கள் கல்லூரிக்கு உண்டு. கல்லூரி என்றதும் வாசற்கதவும் மணியும் உள்ள கட்டடத்தை நினைக்க வேண்டாம். அது நாட்டிலுள்ள குழந்தை வைத்தியர்களின் சங்கம். எங்கள் அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு முழு மாலை போனது. "அப்ப அங்க ஆர் படிக்கிறது?" என்றுதான் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தா. ஒருவகையில் சரியான கேள்வி. படித்தது நாங்கள்தான்.

இலங்கையில் நூற்றுக்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. அதனால் பிரசவ அறைகளில் நிற்கிற கைகளைப் பழக்கிவிட்டால் நாட்டில் பிறக்கிற கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைக்கும் அது போய்ச் சேரும். இயந்திரம் வாங்குவது அரசாங்கத்தின் வேலை. கையைப் பழக்க, அந்த வேலையை நாளும் செய்கிறவர்கள் வரவேண்டும்.

பிறந்ததும் மூச்சு வராத பிள்ளைக்கு மூச்சு வரவைக்க அந்தச் சங்கம் நடத்திய பயிற்சிக்கு நான் முதல் தரம் போனது நல்ல ஞாபகம். மேசையில் ஒரு பொம்மை, நியோநட்டாலி என்று பெயர். வயிற்றுக்குள் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி நிரப்புவார்கள். தூக்கினால் உண்மைப் பிள்ளையின் பாரம், கழுத்து அப்படியே தொங்கும். பயிற்றுவிக்கிறவர் பக்கத்தில் நின்று சின்னக் குமிழை அமுக்கினால் தொப்புள்கொடி துடிக்கும், விட்டால் நிற்கும். முதல் தடவை அது நின்றபோது எனக்குக் கை நடுங்கியது. பொம்மைதான், தெரியும். ஆனாலும்.

"ஒரு நிமிசம்தான் உங்கட கையில" என்றார் டொக்டர். நூறு பிள்ளைகளில் தொண்ணூறு தானாக அழும். பத்துக்கு ஏதாவது உதவி வேண்டும், பெரும்பாலும் துடைத்து முதுகைத் தடவிவிட்டாலே போதும். அதற்கும் மூச்சு வராவிட்டால் அம்பு பேக்கை, அதாவது மாஸ்க் பூட்டிக் கையால் அமத்திக் காற்று ஊட்டுகிற பையை, எடுத்து அந்த முதல் நிமிடத்துக்குள் காற்றுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். நெஞ்சை அமுக்குகிற அளவுக்குப் போவது நூற்றில் ஒன்றுகூட இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் அங்குள்ள இதயச் சங்கமும் சேர்ந்து 1987இல் தொடங்கிய பயிற்சியிலிருந்து இந்த முறை உலகமெல்லாம் போனது. வசதி குறைந்த இடங்களுக்கென்று பொம்மையோடு சுருக்கிக் கொண்டுவந்தது 2010இல்.

கழுத்தை மணம் பிடிக்கிற மாதிரிச் சற்று நிமிர்த்த வேண்டும். மாஸ்க் வாயையும் மூக்கையும் மூடி நாடி நுனியில் நிற்க வேண்டும், கண்ணில் படக்கூடாது. நெஞ்சு எழும்புகிறதா பார். எழும்பாவிட்டால் பேக்கை இன்னும் பலமாக அமத்துவதற்கு முதல் கழுத்தைத் திரும்பப் பார். கொழும்பிலிருந்து வந்த டொக்டர் ஆங்கிலத்தில் "ஸ்குவீஸ், டூ, த்ரீ" என்று எண்ணினார். கந்தளாயிலிருந்து வந்த நங்கி, அதுதான் சிங்களத் தங்கச்சி, தன் மொழியில் எண்ணினாள். எனக்கும் கிண்ணியாத் தங்கச்சிக்கும் வாயில் வந்தது "அமத்து, ரெண்டு, மூண்டு." நிமிடத்துக்கு நாற்பது தரம் அந்தத் தாளத்தில் சரியாக வந்து விழுந்தது.

கற்றது கஷ்டமில்லை, விட்டதுதான் கஷ்டம். ஒட்சிசன் இல்லாமல் சாதாரணக் காற்றிலேயே தொடங்கு என்றபோது ஒருவரும் நம்பவில்லை. நுரையீரலில் நிற்கும் நீரைத் தள்ளி அதை விரிக்கத்தான் முதல் மூச்சு. மாதம் நிறைந்த பிள்ளைக்கு அறைக்காற்றே அதற்குப் போதும். 2010ஆம் ஆண்டு சர்வதேச வழிகாட்டல் இதைச் சொன்னது. 2015இல் இன்னொன்று வந்தது. வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து, சோர்ந்து பிறக்கிற பிள்ளைக்கும் வழக்கமாகக் குழாய் விட்டு உறிஞ்ச வேண்டாம், காற்றுக் கொடுப்பதைப் பிந்த விடாதே என்று. பச்சை நீரோடு பிள்ளை வரும்போது என் கை இன்னமும் தானாகக் குழாயைத் தேடும். ஒருநாள் நான் தேடாமல் நின்றதைப் பார்த்து வயதான உதவியாளர் அம்மா, "மிஸ், சக்‌ஷன் மறந்திட்டீங்கள்" என்றா. அவவுக்கு முப்பது வருடப் பழக்கம். என்ன சொல்ல?

கிண்ணியாத் தங்கச்சி இன்னொரு கதை சொன்னாள். 2009இல் பாலம் திறக்கும்வரை அங்கிருந்து பட்டணத்துக்கு நேர்வழியில் வருவதென்றால் 'பாதை' ஏற வேண்டும். எங்கள் பக்கம் துறை கடக்கிற மிதவைக்கு அதுதான் பெயர். அவளுடைய உம்மா, மாதம் குறைந்து பிறந்த தம்பியைச் சேலைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு அந்தப் பாதைக்குக் காத்திருந்தாவாம். அதே முறையை 1978இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாமல் டொக்டர்மார் தொடங்கி, கங்காரு பராமரிப்பு என்று இப்போது உலகமெல்லாம் படிப்பிக்கிறார்கள் என்று வகுப்பில் கேட்டபோது அவள் என் காதுக்குள், "உம்மாட்ட ஒருத்தரும் கேக்கேல்லையே அக்கா" என்றாள்.

இனிக் குறை. முன்பு நான் வேலை செய்த ஒரு இடத்தில் பயிற்சி முடிந்ததும் ஒரு பொம்மையை எங்களுக்கே விட்டுப் போனார்கள். அடுத்த கிழமை தேடினால் காணவில்லை. ஸ்டோரில் இருந்தது. இன்வென்டரியில் ஏறிய சாமான், பழுதானால் யார் பொறுப்பு என்று பூட்டி வைத்துவிட்டார்கள். எடுக்கக் கடிதம் வேண்டும், கடிதத்துக்குக் கையொப்பம் வேண்டும். ஏழு மாதம் அது பெட்டிக்குள் படுத்திருந்தது. வகுப்பில் ஒரு நாள் செய்தது கையில் நிற்காது. அரை வருடம் அமத்தாமல் விட்டால் மாஸ்க்கைப் பிடிக்கிற விரல் மறந்துவிடும், நானே அனுபவித்தது. வைத்தியர் சங்கம் எவ்வளவு தூரம் வந்து சொல்லிக்கொடுத்தாலும் ஒரு சாவிக்கொத்து அதை நிறுத்திப் போடும்.

இப்போது இருக்கிற இடத்தில் பொம்மை பிரசவ அறை மூலையில், திறந்த மேசையில் இருக்கிறது. யாரோ நூல் தொப்பி பின்னிப் போட்டிருக்கிறார்கள். இரவு வேலைக்கு வருகிறவர்கள் தேநீருக்கு முதல் ஒரு நிமிடம் அமத்திவிட்டுத்தான் உட்கார வேண்டும். நான் போட்ட சட்டம், எழுத்தில் இல்லை.

நேற்று எங்களில் நன்றாகச் செய்கிற தங்கச்சிக்கு வவுனியாவுக்கு மாற்றக் கடிதம் வந்துவிட்டது. அழுதுகொண்டே வந்தாள். "அக்கா, அங்க பொம்மை இருக்குமோ?"

"இருக்கும். போன உடனே ஸ்டோர்ச் சாவி ஆரிட்ட எண்டு கேள்" என்றேன்.