வலிக்காத இடம்தான் ஆழமான இடம்

கஞ்சி வடிக்கும்போது தட்டு நழுவி, கொதிக்கக் கொதிக்க அம்மாவின் வலது காலில் கொட்டிவிட்டது. வெந்நீர் என்றால் வழிந்து ஓடிவிடும். கஞ்சி ஒட்டிக்கொண்டு சூட்டை அங்கேயே பிடித்து வைத்திருக்கும். நனைந்த புடவையை விலக்கி, கால் வீங்குவதற்குள் கொலுசையும் மெட்டியையும் கழற்றிவிட்டு, குழாயடியில் உட்கார வைத்து 20 நிமிடம் தண்ணீர் விட்டோம். பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போய் இட்லி மாவைக் கொண்டு வந்தார். "வேண்டாங்க்கா, டாக்டர் புண்ணைப் பார்க்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மாவு, பேஸ்ட், இங்க் எதைத் தடவினாலும் காயம் மறைந்துபோகும், கிருமியும் சேரும். பிறகு அதைத் தேய்த்து எடுப்பது தனி வேதனை. ஐஸ் கட்டியும் கூடாது. ஓடும் குழாய்த் தண்ணீர் போதும். காயம் பட்டு மூன்று மணி நேரம் வரைக்கும் அதனால் பலன் உண்டு.

மருத்துவமனையில் டாக்டர் முதலில் விரலால் அழுத்திப் பார்த்தார். பாதத்தில் கொப்புளம் உடைந்து ஈரமாக, ரோஜா நிறத்தில் இருந்தது. அழுத்தினால் வெளுத்து, விட்டதும் சிவந்தது. தொட்டதற்கே அம்மா அலறினார். முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் வெள்ளையாக, மெழுகு பூசினாற்போல இருந்தது. "அங்க ஒண்ணும் தெரியல தம்பி" என்றார் அம்மா. டாக்டர் அந்த இடத்தைத்தான் பேப்பரில் வட்டம் போட்டுக் குறித்துக்கொண்டார்.

ஏன் என்று அவரே விளக்கினார். மேல்தோல் உடம்பின் பெரும்பாலான இடங்களில் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். அதன் அடிவரிசையில் புதிய செல்கள் உருவாகி மேலே வந்தபடி இருக்கின்றன. அதற்குக் கீழே அடித்தோல். ரத்தக்குழாய், நரம்பு முனை, வியர்வைச் சுரப்பி, மயிர்க்கால் எல்லாம் குடியிருப்பது அங்கேதான். அதற்கும் கீழே கொழுப்பு. மயிர்க்காலின் உட்சுவரிலும் மேல்தோல் செல்கள் இருக்கின்றன என்பதுதான் முக்கியமான விஷயம். மேலே எல்லாம் வெந்து போனாலும், அந்தக் குழிகள் பிழைத்திருந்தால் அங்கிருந்து தோல் திரும்ப வளர்ந்து மூடிவிடும்.

மேல்தோல் மட்டும் சுட்டால் முதல் நிலை. சிவக்கும், எரியும், ஒரு வாரத்தில் சரியாகிவிடும். அடித்தோலின் மேல்பகுதி வரை போனால் இரண்டாம் நிலை. கொப்புளமும் உயிர் போகிற வலியும் இருக்கும்; ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே ஆறும். இதே இரண்டாம் நிலையில் இன்னும் ஆழமாகப் போனால் நரம்பு முனைகளும் வெந்துபோய் வலி குறையும். ஆற மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், தழும்பு தடிக்கும். மூன்றாம் நிலையில் அடித்தோல் முழுவதும் போய்விடும். அந்த இடம் விறைத்து, வெள்ளையாகவோ கருகியோ இருக்கும். உணர்வே இருக்காது. ஓரத்திலிருந்துதான் தோல் ஊர்ந்து வர வேண்டும்.

அம்மாவின் காலில் இந்த இரண்டாம் நிலையின் இரண்டு வகையும் இருந்தன. நோயாளியின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை, அவர் உடம்பில் சுமார் ஒரு சதவீதம். அந்தக் கணக்கில் காயம் பெரிதில்லை என்பதால் சலைன் ஏற்றவில்லை. டீட்டி ஊசி போட்டு, கட்டுப் போட்டார்கள். ஆழத்தை அன்றைக்கே முடிவு செய்யவில்லை. முதல் இரண்டு மூன்று நாளில் காயம் இன்னும் ஆழமாகலாம் என்பதால், கட்டு மாற்றும்போதெல்லாம் பார்த்தார்கள். பாதம் அழகாக ஆறிக்கொண்டு வந்தது. வெள்ளை இடம் அப்படியே நின்றது. தோல் ஒட்ட வேண்டும் என்றார்கள்.

தொடையிலிருந்து மேல்தோலையும் அடித்தோலில் கொஞ்சத்தையும் மெல்லிசாகச் சீவி எடுத்து ஒட்டினார்கள். அப்புறம் நடந்ததை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒட்டிய இடம் வலிக்கவில்லை. தோல் எடுத்த தொடைதான் அம்மாவைத் தூங்க விடவில்லை. யோசித்தால் கணக்கு சரிதான்: மேலாகச் சீவிய புண்ணில் நரம்பு முனைகள் உயிரோடு திறந்து கிடக்கின்றன. அதனாலேயே அது இரண்டு வாரத்தில் தானாக மூடியும் விட்டது. ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் தொடை வலிக்கு மாத்திரை பற்றி முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தொல்லை அரிப்புதான். ஒட்டிய தோலோடு வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் வருவதில்லை. அதனால் அந்த இடம் வறண்டு போகிறது. அடிக்கடி தேங்காய் எண்ணெய் தடவிவிடுகிறோம். தழும்பு தடிக்காமல் இருக்க இறுக்கமான காலுறை, குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்க. சென்னை வெயிலில் அது லேசான காரியம் இல்லை. அம்மா முணுமுணுத்தாலும் போட்டுக்கொள்கிறார். விளிம்பில் தொடு உணர்வு கொஞ்சம் வந்திருக்கிறது, நடுவில் இன்னும் சூடு தெரிவதில்லை. அதனால் குளிக்க வெந்நீர் விளாவினால் கையை விட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள்.