கை தூக்கச் சொல்லாத கூட்டம்

கிராம சபையில் ஒரு பொருளை வாக்கெடுப்புக்கு விடாமல் பேசியே முடித்ததற்காக என்மீது யாரும் குறை சொல்லவில்லை. ஒன்றிய அலுவலகத்தில் பாராட்டுக்கூடக் கிடைத்தது. ஆனால் கூட்டம் கலைந்த பிறகு கீழத்தெரு மகளிர் குழுவைச் சேர்ந்த ஒரு அம்மா சொன்னதற்கு எனக்கு இன்றுவரை பதில் பிடிபடவில்லை.

மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை எங்கே கட்டுவது என்பதுதான் பொருள். மேலத்தெரு முனையில் மேடாக இருந்த புறம்போக்கு ஒன்று, கீழத்தெருப் பள்ளிக்கூடத்தை ஒட்டிய காலியிடம் ஒன்று. ஓவர்சியர் மேட்டைத்தான் சொன்னார், அவர் சொன்னதில் தவறும் இல்லை. மேட்டில் தொட்டி நின்றால்தான் கடைசி வீடுவரை அழுத்தம் கிடைக்கும். ஆனால் குழாயில் தண்ணீர் எந்தத் தெருவுக்கு முதலில் போகும் என்பதை மேடு பள்ளம் மட்டும் தீர்மானிப்பதில்லை, வால்வைத் திறக்கிறவரும் தீர்மானிக்கிறார். முதலில் திறக்கிற லைனில் இருப்பவர்கள் குடம் நிரப்பி, சின்டெக்ஸ் நிரப்பி, மாட்டையும் குளிப்பாட்டிய பிறகுதான் மிச்சம் மற்றவர்களுக்கு வரும். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற, மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்ட அளவுகோல் ஆட்டம் காண்பது இந்த இடத்தில்தான். கீழத்தெருக்காரர்கள் தொட்டியைத் தங்கள் பக்கம் கேட்டதன் காரணம் அழுத்தம் அல்ல, வால்வு தங்கள் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பதே.

"கை தூக்கச் சொல்லுங்க சார், முடிச்சிட்டுப் போவோம்" என்று முன்வரிசையில் இருந்து ஒருவர் சொன்னார். மக்கள்தொகை 501 முதல் 3000 வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், 100. அது நிறைந்திருந்தது, நிறைத்தவர்களில் பெரும்பாலோர் மேலத்தெருக்காரர்கள். நான் பற்றாளர், கூட்டத்தைப் பார்த்து அறிக்கை அனுப்ப வருகிற அலுவலர்; கூட்டத்துக்குத் தலைமை ஊராட்சி மன்றத் தலைவர்தான். இருந்தாலும் அவரிடம் குனிந்து, வாக்கெடுப்பு வேண்டாம், பேசிப் பார்க்கலாம் என்று சொன்னது நான். நெடுநேரம் பேசி, தொட்டி மேட்டில்தான், ஆனால் கீழத்தெருவுக்குத் தனி லைன், தனி வால்வு, ஒருநாள் விட்டு ஒருநாள் அதை முதலில் திறக்க வேண்டும் என்ற உடன்பாட்டுக்கு வந்தார்கள். தலைவர் "அப்ப எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு" என்றார், கை தட்டினார்கள், செயலர் எழுதிக்கொண்டார்.

பந்தலைப் பிரிக்கும்போது அந்த அம்மா வந்தார். கோபம் எதுவும் இல்லை. "கை தூக்கியிருந்தா நாங்க தோத்திருப்போம் சார், தெரியும். ஆனா தோத்தோம்னு புத்தகத்துல இருக்கும். நாளைக்குத் தண்ணி வரலைன்னு கலெக்டர்கிட்ட மனு குடுத்தா, நீங்களும் ஒத்துக்கிட்டுத்தானேன்னு கேப்பாங்கள்ல?"

வாக்கெடுப்பு நடந்திருந்தால் தனி லைன் கிடைத்திருக்காது என்று அவரிடம் சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்குப் பேச்சுவார்த்தைதான் பிடிமானம். கையை எண்ணத் தொடங்கினால் அவர்கள் எல்லாப் பொருளிலும் தோற்பார்கள். கூட்டு முடிவெடுத்தலைப் பற்றி 2008-இல் எழுதிய ஆய்வாளர்கள் ஆன்செல், கேஷ் இருவரும் 137 நேர்வுகளை ஆராய்ந்து, அதை ஒருமித்த கருத்தை நோக்கி நகரும் முறையாகவே வரையறுத்தார்கள். பயிற்சியில் அந்தப் பகுதி எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் தரப்புகளுக்கிடையே பலத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தால், பலவீனமான தரப்பை முதலில் வலுப்படுத்தாமல் அந்த முறை சரிவர நடக்காது என்றும் அவர்களே சொல்கிறார்கள். ஒருநாள் கூட்டத்துக்குப் போகிற பற்றாளர் யாரை, எப்படி வலுப்படுத்துவது? ஜீப்பில் வந்து இறங்கி, மாலைக்குள் அறிக்கை அனுப்ப வேண்டியவனிடம் அதற்கு நேரமும் இல்லை, அதிகாரமும் இல்லை. இதைச் சாக்கு என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன், ஆனால் உண்மையும்கூட.

தனி லைன் போட்டார்கள், வால்வும் வைத்தார்கள். முறை வைத்துத் திறப்பது மட்டும் கொஞ்ச நாளில் ஆபரேட்டரின் வசதிக்குப் போய்விட்டது. பொதுவளங்களை ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம், விதியைக் கண்காணிப்பவர் பயனாளிகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும் என்றார். எங்கள் உடன்பாட்டில் விதி இருந்தது, கண்காணிப்பவர் இல்லை. அது பேசி முடித்ததால் வந்த குறையா? வாக்கெடுத்திருந்தால் விதியே இருந்திருக்காது என்று ஒரு மனம் சொல்கிறது. மறுப்பு பதிவாகியிருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா ஒன்றிய அலுவலகப் படியேறியிருப்பார் என்று இன்னொரு மனம். கேரளத்தில் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் கிராம சபையைத் துறைவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பேச வைத்தார்கள். எங்கள் ஊர்க் கூட்டத்தில் மைக் ஒன்றுதான். அது இருக்கிற பக்கம் பேச்சும் இருக்கும்.

அந்த அம்மா சொன்னதை மனதில் வைத்து, பின்னர் வேறொரு ஊராட்சியில், உடன்பாடு எட்டப்பட்டாலும் உடன்படாதவர் பெயரையும் காரணத்தையும் தீர்மானத்தில் எழுதச் சொன்னேன். செயலர் விரும்பவில்லை, தணிக்கையில் கேள்வி வரும் என்றார். வற்புறுத்தி எழுத வைத்தேன். கையெழுத்து வாங்கத் தொடங்குவதற்குள் பெயர் எழுதப்பட்டவர் ஓரமாக என்னை அழைத்து, தான் உழுவது யாருடைய நிலம் என்பதைச் சொல்லி, பெயரை எடுத்துவிடும்படி கேட்டார். கருத்து இருக்கட்டுமா என்றேன். "அது இருக்கட்டும் சார், ஆள் மட்டும் வேண்டாம்" என்றார்.

"உறுப்பினர் ஒருவர் மறுப்புத் தெரிவித்தார்" என்று திருத்தி எழுதினோம். அப்படி எழுதியதை வைத்து யாரும் மனு கொடுக்க முடியாது என்பது செயலருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் இப்போது போகிற ஊர்களிலெல்லாம் அப்படித்தான் எழுதச் சொல்கிறேன்.