கட்டாயம் போயிற்று, பில் குறைந்ததா?

அமெரிக்காவில் எல்லோரும் மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று 2010-ல் ஒபாமா காலத்துச் சட்டம் சொன்னபோது பலர் கொதித்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் உடம்புக்கு வந்த பிறகு சேர்ந்துகொள்ளலாம் என்று ஆரோக்கியமானவர்கள் ஒதுங்கி நின்றால், உள்ளே இருப்பவர்களின் பிரீமியம் ஏறத்தானே செய்யும்?

காப்பீடு எடுக்காதவர்களுக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதத்தை 2012-ல் உச்ச நீதிமன்றம் வரியாக ஏற்றது. 2019 முதல் மத்திய அரசின் அபராதமே பூஜ்யம். சரி, சிகிச்சைச் செலவு குறைந்ததா? கையில் காப்பீடு இருந்தும், காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் டிடக்டிபிள் என்ற தொகையை முதலில் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டுமே என்று பயந்து டாக்டரிடம் போகாதவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான்.

ஒரே ஊரில், ஒரே எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு இரண்டு மருத்துவமனைகள் பல மடங்கு வித்தியாசத்தில் பில் போடுகின்றன. அதைத் தொடத் துணிகிற கட்சி எதுவானாலும் என் ஆதரவு உண்டு.